நான் சிரிக்காத சிரிப்பு

பேச்சில் நான் பெரிய ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. நினைப்பு மட்டுமில்லை, அதற்குச் சாட்சியாக ஒரு கோப்பையும் உண்டு. அந்தக் கோப்பை எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லக் கூசுகிறது. ஆனால் சொல்லாமல் வைத்திருந்தும் பார்த்துவிட்டேன், அது இன்னும் மோசம்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்கு மேல்மாடியில் எங்கள் பேச்சு மன்றம் நடக்கிறது. ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு. மொத்தம் இருபத்தைந்து பேர் இருப்போம். வங்கியில் வேலை பார்ப்பவர், பல் டாக்டர், என்னைப் போல வேளச்சேரியிலிருந்து டிராஃபிக்கில் நீந்தி வரும் கம்ப்யூட்டர்காரர்கள். எல்லோருக்கும் மேடை என்றால் உதறல். அதைப் போக்கிக்கொள்ளத்தான் வந்தோம். ஆறு வருஷத்தில் எனக்கு உதறல் சுத்தமாகப் போய்விட்டது. அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போயிற்று என்று போன வருஷம்தான் தெரிந்தது.

மன்றத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். பேச்சு ஏழு நிமிஷம். ஐந்தாவது நிமிஷத்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அட்டை காட்டுகிறவள் மேகலா, ஸ்கூல் டீச்சர். சிவப்பைத் தூக்கும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். 'வந்து', 'அதாவது' என்று எத்தனை முறை இழுக்கிறோம் என்று எண்ணுவதற்குத் தனியாக ஓர் ஆள் உண்டு. பேசி முடித்ததும் விமர்சகர் எழுந்து முதலில் பாராட்ட வேண்டும், நடுவில் ஒரு குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. குறை ரொட்டிக்கு நடுவே வைக்கிற வெள்ளரிக்காய் மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும் என்பார் மன்றத் தலைவர் பாரத். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். யார் மனதும் நோகாமல் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டியை நியமிப்பார்கள். முதல் பேச்சுக்குக் கன்னிப்பேச்சு என்று பெயர். அதில் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும். மேடையேறுவதற்கு முன்னால் வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்கிறவர் கூச்சமில்லாமல் சொல்லட்டும் என்பதற்காக, கேட்டது வழிகாட்டியோடு நிற்கும் என்று சேரும்போதே உறுதி கொடுக்கிறோம். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

போன வருஷம் ஏப்ரலில் எஸ்தர் அக்கா வந்து சேர்ந்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அங்கே மீன் விற்கிற பெண்களெல்லாம் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அதற்கு இவரைத் தலைவியாக்கியிருந்தார்கள். கடைகளை இடம் மாற்றுவது பற்றிப் பேச அதிகாரிகள் வந்தபோது, நாற்பது பெண்கள் பின்னால் நிற்க, இவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதாம். ஒரு வார்த்தை வரவில்லையாம். மகள் போனில் தேடி எங்கள் மன்றத்தைக் கண்டுபிடித்து அனுப்பியிருந்தாள். முதல் நாள் அரை மணி முன்னதாகவே வந்து, இஸ்திரி போட்ட புடவையில், ஒரு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பு வரும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். பாரத் அவரை என்னிடம் ஒப்படைத்தார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, கூட்டம் முடிந்து கீழே டீக்கடையில் உட்கார்ந்து, கன்னிப்பேச்சில் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். நோட்டும் பேனாவுமாகத்தான் உட்கார்ந்தேன், நல்ல வழிகாட்டி அல்லவா. எஸ்தர் அக்கா டீயை ஆறவிட்டுவிட்டுச் சொன்னார்.

அவர் கணவர் லாசர் சுனாமியில் தப்பித்தவர். அதற்கு அடுத்த வருஷம் இன்னும் இரண்டு பேரோடு ஃபைபர் போட்டில் போனவர் திரும்பவில்லை. ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. வீட்டில் இரண்டு குழந்தைகள், அடுப்பு பற்றவைக்க வழியில்லை. மூன்றாம் நாள் காலையில் நாத்தனாரின் மீன் கூடையை வாங்கிக்கொண்டு எஸ்தர் அக்கா கடைக்குப் போய் உட்கார்ந்தார். மந்தைவெளியிலிருந்து வாடிக்கையாக வரும் ஓர் அம்மாள் சங்கரா மீனைக் கையில் எடுத்துப் பார்த்து, இந்த மீன் என் மாமியார் மாதிரியே முறைக்கிறது, வேறு கொடு என்றாளாம். எஸ்தர் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, வாய்விட்டு, உடம்பு குலுங்கச் சிரித்திருக்கிறார். அப்போதுதான் மணலில் கொழுந்தன் ஓடி வந்தான். கோவளத்தில் உடல் ஒதுங்கியிருக்கிறது என்று சொல்ல வந்தவன், அண்ணி சிரிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். குப்பமே பார்த்தது.

"அவன் நின்ன நிப்பு இன்னும் கண்ணுலயே கீது தம்பி," என்றார். "அன்னியிலேர்ந்து எனக்கு சிரிப்பு வர்றதுக்கு மின்னாடி பயம் வருது. அதிகாரி மின்னாடி வாயத் தொறந்தாலும் அதே பயம்தான். எல்லாரும் என் வாயவே பாக்கற மாதிரி."

நான் பேனாவை மூடினேன். பிறகு, முதல் பேச்சுக்கு இது ரொம்பக் கனம் அக்கா, கேட்கிறவர்களும் தாங்க மாட்டார்கள், நீங்களும் மேடையில் உடைந்துவிடுவீர்கள், அதனால் நல்ல மீனைப் பார்த்து வாங்குவது எப்படி என்று ஜாலியாகப் பேசுங்கள் என்று ஆலோசனை சொன்னேன். அவரும் சரி என்று தலையாட்டினார். அந்த நிமிஷம் என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், சிக்னலுக்குச் சிக்னல், 'சிரிப்பு வருவதற்கு முன்னால் பயம் வருகிறது' என்று முணுமுணுத்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது.

ஜூலையில் தி.நகரில் மன்றங்களுக்கு இடையிலான போட்டி. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் எனக்கு மூன்றாம் இடம்தான். நடுவர்கள் இரண்டு தடவையும் ஒரே குறையைச் சொன்னார்கள். சரளம் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு மட்டும் சோகம் இல்லையா? என் அப்பாவும்தான் செத்துப் போனார். ஆனால் அவர் இறந்த அன்று நான் பெங்களூரில் ஒரு டிரெயினிங்கில் இருந்தேன். அம்மா மூன்று தடவை போன் செய்திருக்கிறாள். ஏதோ கரண்ட் பில் விஷயமாக இருக்கும் என்று மூன்று தடவையும் நான்தான் வெட்டிவிட்டேன். அதை மேடையில் எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் யார் என்னை மதிப்பார்கள்?

ஆகவே ஒரு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை உண்டாக்கினேன். ஐ.சி.யூ.வுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகன். மூன்றாம் நாள் நண்பன் போனில் அனுப்பிய ஒரு ஜோக். வாய்விட்டு ஒரு சிரிப்பு. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வந்து, அப்படியே நின்றுவிடும் நர்ஸ். கடைசியில் குரலை இறக்கி, "அன்றிலிருந்து எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் பயம் வருகிறது" என்றேன். ஹாலில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. முதல் பரிசு. பாரத் என்னைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாளும் இதை உள்ளே வைத்துக்கொண்டு எப்படி இருந்தீர்கள் என்று கண் கலங்கினார்.

எஸ்தர் அக்கா அன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அந்தத் தைரியமும் எனக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேகலா வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். யார் யார் பார்த்தார்கள் என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். அன்று மத்தியானம் எஸ்தர் அக்காவின் பெயர் வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கைகூப்பல் படம் அனுப்பியிருந்தார். அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு, அவருக்குப் புரிந்திருக்காது, ஆஸ்பத்திரி எங்கே, கடற்கரை எங்கே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படிக்காதவர்களுக்குப் புரியாது என்று நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை அவருடைய கன்னிப்பேச்சு. விமர்சகர் நான்தான். 'மீன் வாங்குவது எப்படி' என்று நிகழ்ச்சித் தாளில் அச்சடித்திருந்தது. எஸ்தர் அக்கா மேடைக்குப் போனார். செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வாக்கியம் சொன்னார். அப்புறம் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "என் வூட்டுக்காரரு பேரு லாசர்," என்று ஆரம்பித்தார்.

அவர் நன்றாகப் பேசவில்லை. நடுவில் மூச்சு வாங்கினார், 'வந்து' போட்டார், எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் முழுக்கச் சொன்னார், கூடை, சங்கரா, மாமியார், சிரிப்பு, மணலில் நின்ற கொழுந்தன். சிரிப்பு வந்த இடத்திலேயே ஹாலில் ஒரு சலசலப்பு எழுந்தது. தலைகள் என் பக்கம் திரும்பின. "சிரிப்பு வர்றதுக்கு மின்னாடி பயம் வருது" என்று அவர் முடித்தபோது, மேகலா என்னைப் பார்த்துப் பெருமையாகப் புன்னகை செய்தாள். பக்கத்தில் இருந்த பல் டாக்டர் குனிந்து, உங்கள் பேச்சு எவ்வளவு தூரம் போயிருக்கிறது பார்த்தீர்களா என்று காதில் சொன்னார்.

விமர்சனத்துக்கு எனக்கு மூன்று நிமிஷம், அதில் இரண்டாவது நிமிஷத்திலேயே பச்சை அட்டை. எழுந்து போனேன். உண்மையைச் சொல்ல மூன்று நிமிஷம் தாராளம், மூன்று நொடிகூடப் போதும். நான் பாராட்டினேன். பிறகு, கைகளை மேஜையிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும் என்று குறை சொன்னேன். பிறகு மறுபடி பாராட்டினேன். பச்சை அட்டை வருவதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

முடிவுரை சொல்ல வந்த பாரத், தன் வழக்கப்படி யார் மனதும் நோகாமல் சொன்னார். புதியவர்கள் நம் சாம்பியனைப் பார்த்து அவரைப் போலவே பேச ஆசைப்படுவது இயற்கைதான், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஆனால் அடுத்த தடவை எஸ்தர் அம்மா பிறருடைய அனுபவத்தை விட்டுவிட்டுத் தன் சொந்த அனுபவத்தைச் சொன்னால் இன்னும் சிறப்பாக இருக்கும் என்றார். எல்லோரும் அன்போடு கை தட்டினார்கள். எஸ்தர் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் நிகழ்ச்சித் தாளில் என் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் நழுவிவிடத்தான் பார்த்தேன். மாடிப்படியில் பிடித்துவிட்டார். திட்டப் போகிறார், நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் ஒன்று விட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். விட்டிருக்கலாம்.

"அவரு சொன்னத வுடு தம்பி, அவருக்கு இன்னா தெரியும்," என்றார். "உன் வீடியோவ நான் நாலு வாட்டி பாத்தேன். பத்தொம்பது வருசமா நான் ஒருத்திதான் இப்பிடி ஒரு ஜென்மம்னு நெனச்சிக்கினு இருந்தேன். உங்கப்பா சாவக் கெடக்கசொல்ல நீயும் சிரிச்சிருக்கறே. படிச்ச புள்ள, உனக்கும் வந்துக்கீது. அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. அன்னிக்கி டீக்கடைல நான் சொல்லச்சொல்ல நீ பேசாம குந்திக்கினு இருந்தியே, உனக்கு எப்பிடி வலிச்சிருக்கும். மெய்யாலுமே சிரிச்சிட்டியா தம்பி?"

"ஆமாக்கா," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு இறங்கிப் போனார். மீன் வாசனை கொஞ்சம் என் கையில் இருந்தது. வண்டியை எடுக்க முடியாமல் கீழே பத்து நிமிஷம் நின்றேன்.

அடுத்த கூட்டம் வரைக்கும் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் ஆபீசில் யார் சிரித்தாலும் எனக்கு உடம்பு கூனிக் குறுகியது. திருடினேன், சரி. திருட்டுப் பட்டத்தைப் பறிகொடுத்தவர் தலையிலேயே கட்டுவதையும் வாய் மூடிக்கொண்டு பார்த்தேன். என்னைப் போல ஈனப் பிறவி உண்டா என்று பாத்ரூம் கண்ணாடியைப் பார்த்துத் திட்டிக்கொண்டேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். மன்றத்தில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்பையைத் திருப்பித் தர வேண்டும். அக்காவின் கதையை அக்காவிடம் சேர்க்க வேண்டும். அவருடைய கெட்ட பெயர் போக வேண்டும் என்பது மட்டும்தான் என் நோக்கம் என்று நம்பினேன்.

ஆனால் பழக்கதோஷம் போகுமா? ஒப்புதலையும் எழுதினேன். எழுதியதை மனப்பாடம் செய்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டேன். பெங்களூரில் இருந்தேன் என்பதை எழுதினேன். அம்மாவின் மூன்று போனை எழுதவில்லை. அது விஷயத்தைத் திசை திருப்பிவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பாரத்துக்குப் போன் செய்து ஏழு நிமிஷம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். எஸ்தர் அக்காவுக்கும் போன் செய்து, கட்டாயம் வாருங்கள், உங்களுக்காகத்தான் பேசப் போகிறேன் என்றேன். அவர் சந்தோஷப்பட்டார்.

சனிக்கிழமை வந்தது. கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு ஆரம்பித்தேன். இந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்த பேச்சு என்னுடையது இல்லை, எஸ்தர் அக்கா நம்பி என்னிடம் சொன்னது, ஆஸ்பத்திரியும் நர்ஸும் என் புளுகு, என் அப்பா போன அன்று நான் அவர் பக்கத்திலேயே இல்லை, பெங்களூரில் இருந்தேன், போன கூட்டத்தில் இவர் என்னைக் காப்பியடித்தார் என்று நீங்கள் நினைத்தபோது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், நான் திருடன், அவர் இல்லை. இதெல்லாம் சொன்னேன். கோடு போட்ட இடத்திலெல்லாம் நிறுத்தினேன். குரல் நடுங்கியது. நடுக்கம் நிஜம்தான், ஆனால் அது நடுங்கியது எனக்குப் பிடித்திருந்தது.

முடித்துக் கையைக் கூப்பினேன். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மேகலா அட்டைகளைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாரத் மேடைக்கே வந்து என் தோளை அணைத்து, இந்த மன்றத்தின் பதினான்கு வருஷத்தில் இதைவிடத் துணிச்சலான பேச்சை நான் கேட்டதில்லை என்றார். எஸ்தர் அம்மாவிடம் மன்றத்தின் சார்பில் மன்னிப்பும் கேட்டார். எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த நேரத்தில், அந்த இடத்தில், நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எஸ்தர் அக்கா எழுந்திருக்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவர் எழுந்தார். மேடைக்கு வரவில்லை, நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று பாரத் மைக்கை எடுத்துக்கொண்டு போனார். அதை அவர் கையால் ஒதுக்கினார். அதிகாரிகள் முன்னால் வராத குரல் ஹாலின் கடைசி வரிசைவரை கேட்டது.

"நீ சிரிக்கலியா தம்பி?"

"இல்லக்கா."

"அன்னிக்கி படிக்கட்டுல கேட்டனே. ஆமான்னு சொன்னியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடையில் இருந்தேன், மைக் இருந்தது, இருபத்தைந்து பேர் இருந்தார்கள். சிரிப்பைவிடக் கேவலமான ஒன்று எனக்கும் நடந்திருக்கிறது அக்கா, அம்மா கூப்பிடக் கூப்பிட நான் வெட்டினேன் அக்கா என்று சொல்லியிருந்தால் போதும். கோடு போட்டு மனப்பாடம் செய்யாத அந்த ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. கைதட்டியவர்களின் முகங்களைப் பார்த்தேன், அவர்கள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

எஸ்தர் அக்கா காத்திருந்தார். பிறகு நாற்காலிக்கு அடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டார்.

"அப்போ நான் ஒருத்திதான்," என்றார்.